15 இன்ச் லேப்டாப்புக்கு 4கே திரை தேவையா?

கல்லூரிக்குப் போகும் தங்கைக்கு லேப்டாப் வாங்குகிறேன், 4கே திரைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

15.6 இன்ச்சில் ஃபுல் எச்டி (1920×1080 பிக்சல், அதாவது திரையின் ஒளிப்புள்ளிகள்) என்றால் ஓர் அங்குலத்துக்கு 141 புள்ளிகள், 4கே (3840×2160) என்றால் 282. மேசையில் 50 செ.மீ. தள்ளி வைத்துப் பார்க்கும்போது, நல்ல பார்வை உள்ளவருக்கே சுமார் 175-க்கு மேல் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் லேப்டாப் வரைய வேண்டிய புள்ளிகள் நான்கு மடங்கு, 20 லட்சத்திலிருந்து 83 லட்சம். பேட்டரி சீக்கிரம் இறங்கும், சித்திரை மதியத்தில் கரண்ட் போய்விட்டு அசைன்மென்ட் பாதியில் நிற்கும்போது அது புரியும். பழைய மென்பொருள் சிலவற்றில் மெனு எழுத்து எறும்பு மாதிரி சிறுத்துவிடும், அதுவும் தலைவலி.

அதற்காக 141 போதும் என்றும் சொல்ல மாட்டேன். பாளையங்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறேன். ‘கி’க்கும் ‘கீ’க்கும் வேறுபாடு மேல் வளைவின் நுனியில் ஒரு சின்னச் சுழிதான், பொடி எழுத்தில் ஃபுல் எச்டி திரை அந்தச் சுழியை அடைத்துவிடும், பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் பிழை திருத்த வேண்டும். 14 இன்ச்சில் 2560×1600 திரைக்கு (சுமார் 216 புள்ளி) மாறிய பிறகு சுழி சுழியாகவே தெரிகிறது, கண் எரிச்சலும் குறைந்தது.

தங்கைக்கும் அந்த 2560×1600 திரையையே பாருங்கள். மிச்சமாகும் பணத்தை 16 ஜிபி ரேமில் போடுங்கள். அப்புறம், கடையில் வாசல் பக்கம் வெளிச்சத்தில் வைத்துத் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டே வாங்குங்கள்.