பந்து வாங்கியாச்சு, வேன் வாடகைக்கு என்ன வழி?

சிறுவர் லீக் போட்டிகளை ஊர்க்காரர்களே நடத்துவது பற்றி நீலகிரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் விளையாட்டுக் குழுவின் பதில்களும்.

எட்டு ஹட்டிகளைச் (படுகர் ஊர்களைச்) சேர்த்து 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கால்பந்து லீக் நடத்தப் பேசியிருக்கிறோம். எவ்வளவு பணம் பிடிக்கும்? (வாசகர், கோத்தகிரி)

வசூல் நோட்டை எடுப்பதற்கு முன்னால் ஆட்டங்களை எண்ணுங்கள். எட்டு அணிகள் ஒருவரோடு ஒருவர் ஒருமுறை மோதினால் 28 ஆட்டம். ஒரே மைதானத்தில் ஞாயிறுக்கு நான்கு வீதம் ஏழு ஞாயிறு. அணிக்கு ஏழு பேர், பாதிக்கு 20 நிமிடம் என்று வைத்தால் காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மதியம் ஒன்றரைக்குள் முடித்துவிடலாம்.

கோல்போஸ்ட் ஏற்கெனவே இருக்கிறது என்று கொண்டு ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். உங்கள் ஊர் விலையை நீங்கள் பொருத்திக்கொள்ளுங்கள். பந்து ஆறு, 4,200 ரூபாய். இந்த வயதுக்கு 4-ம் எண் பந்துதான். 'பெரிய பசங்களுக்கும் ஆகுமே' என்று 5-ம் எண் வாங்கி வந்துவிடாதீர்கள். நடுவர் இருவருக்கு நாளுக்கு 600 வீதம் ஏழு நாள், 8,400. டீ, பழம், தண்ணீர் நாளுக்கு 1,200 வீதம் 8,400. முதலுதவிப் பெட்டி 2,500. கோடு போடும் மாவு, விசில், கொடி 2,000. மெடல், கோப்பை 6,000. ஆக 31,500.

இனிதான் வேன். எட்டில் நான்கு அணிகளுக்கு வேன் வேண்டும், ஒரு வண்டிக்கு 1,500 என்றால் ஏழு ஞாயிறுக்கு 42,000! மற்ற எல்லாச் செலவையும் சேர்த்தாலும் இதைத் தொடாது. மலையில் லீக்குகள் பாதியில் நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அதனால் நடந்தோ டவுன் பஸ்ஸிலோ வந்து சேரக்கூடிய நான்கு ஹட்டிகளை ஒரு பிரிவாக, மற்ற நான்கை இன்னொரு பிரிவாகப் பிரியுங்கள். பிரிவுக்குள் இருமுறை மோதவிட்டால் பிரிவுக்கு 12 ஆட்டம், ஞாயிறுக்கு இரண்டு வீதம் ஆறு வாரம். ஏழாவது ஞாயிறு அரையிறுதியும் இறுதியும் ஒரே மைதானத்தில். மொத்தம் 27 ஆட்டம், பிள்ளைகளுக்கு ஆட்டம் அதிகம் குறையவில்லை. மைதானத்துக்கு ஒரு நடுவர் என்பதால் அந்தச் செலவும் ஏறவில்லை. வேன் ஒரே நாளைக்குத்தான், 6,000. மொத்தம் 37,500-க்குள் அடங்கிவிடும்.

காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று பிக்கப்பில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு, விபத்து நடந்தால் காப்பீட்டிலும் சிக்கல்.

கடைகளில் கேட்டால் 'அப்புறம் பார்க்கலாம்' என்கிறார்கள். பெரிய கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணம் கிடைக்குமா? (வாசகி, குன்னூர்)

'லீக்குக்கு ஏதாவது கொடுங்க' என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். 'மூன்றாவது ஞாயிறு டீயும் வாழைப்பழமும் உங்க கணக்கு, 1,200 ரூபாய்' என்று கேட்டுப் பாருங்கள். பேக்கரிக்காரர் பன்னாகவே கொடுப்பார், மருந்துக்கடைக்காரர் பஞ்சும் கட்டுத்துணியும் கொடுப்பார். பணமாகக் கேட்டால் யோசிக்கிறவர்கள் பொருளாகக் கேட்டால் அவ்வளவு யோசிப்பதில்லை.

சிஎஸ்ஆர் முதல் வருடத்துக்கு ஆகாது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 7-வது அட்டவணையில் கிராமப்புற விளையாட்டுக்கான பயிற்சி இருப்பது உண்மைதான். ஆனால் பணத்தை வாங்கிச் செலவிடும் அமைப்புக்கு வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி பதிவு வேண்டும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிந்து வாங்கும் சிஎஸ்ஆர்-1 எண் வேண்டும், மூன்று வருட வேலையும் காட்ட வேண்டும். பேனரில் கம்பெனி பெயரைப் போட்டு விளம்பரமாக வாங்கும் பணம் சிஎஸ்ஆரில் சேராது. அதைக் கம்பெனியின் விளம்பரச் செலவிலிருந்து கேளுங்கள், காகிதம் குறைவு.

அடுத்த வருடமும் நடத்தும் எண்ணம் இருந்தால் இப்போதே சங்கமாகப் பதிந்துவிடுங்கள். 1975-ம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில், இருவர் கையெழுத்தில். செயலாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு வசூல் போனால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நான்காவது வாரம் பேச்சு கிளம்பும். வரிச்சலுகை கேட்கும் நன்கொடையாளரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி சலுகை இல்லை.

அரசு உதவியில் சட்டென்று கைக்கு வருவது கிராம ஊராட்சிகளுக்குக் கொடுத்த கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு. பல இடங்களில் அது அறையில் பூட்டியே கிடக்கிறது. ஊராட்சிச் செயலரிடம் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வேலி, தடுப்புச் சுவர் மாதிரி நிலையான வேலைக்கு நமக்கு நாமே திட்டம் உண்டு, மக்கள் பங்கு பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒன்று. தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை முக்கியமாகத் தனித்தனி வீரர்களுக்கு உதவுவது, லீக் செலவுக்கு அதை நம்ப வேண்டாம்.

'மைதானத்தைச் சமப்படுத்த என் ஜேசிபியை அனுப்புகிறேன்' என்று யாராவது அன்போடு சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரத்தை இறக்கக் கலெக்டர் அனுமதி வேண்டும்.

முதல் வாரம் இருபது தன்னார்வலர்கள் வந்தார்கள். மூன்றாம் வாரம் நான்கு பேர்தான். ஏன்? (வாசகர், கூடலூர்)

வந்தவர்களில் பாதிப் பேர் கைகட்டி நின்றிருப்பார்கள். வேலை இல்லாதவர் மறுவாரம் வரமாட்டார். எல்லா வேலையும் தலையில் விழுந்தவரும் வரமாட்டார்.

வேலையைப் பெயரும் நேரமும் போட்டுப் பிரியுங்கள். கோடு போடக் காலை எட்டு மணி முதல் ஒன்பது வரை இருவர். வருகைப் பதிவுக்கு ஒருவர், ஸ்கோர் எழுத ஒருவர். முதலுதவிக்கு ஒருவர், அவர் வேறு எதையும் தொடக் கூடாது. பள்ளத்துப் பக்கம் உருளும் பந்தை எடுக்க இரண்டு பெரிய பையன்கள். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு செட் ஆள், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். பட்டியலை வியாழக்கிழமையே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். இரண்டு மணி நேர வேலைக்கு ஆள் கிடைப்பார்கள், 'நாள் முழுக்க இருங்க' என்றால் கிடைக்கமாட்டார்கள்.

காலமும் பார்க்க வேண்டும். கூடலூர், பந்தலூரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை விடாது. மே மாதம் சீசன், டாக்சி ஓட்டுபவர்களும் ஓட்டலில் வேலை செய்பவர்களும் உங்களுக்கு இல்லை. மார்ச்சில் பரீட்சை. ஜனவரி, பிப்ரவரிதான் கைகொடுக்கும். யானை நடமாட்டம் உள்ள பகுதியில் நாலு மணிக்குள் பிள்ளைகள் வீடு சேர்ந்திருக்க வேண்டும், கடைசி ஆட்டத்தை அதற்கேற்ப வையுங்கள்.

கோடு போடும் வேலைக்கு ஒரு எச்சரிக்கை. கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று நீற்றாத சுண்ணாம்பைத் தூவாதீர்கள். பனியில் நனைந்த புல்லில் விழுந்ததும் அது சூடேறும். சறுக்கி விழும் பையனின் முழங்கை வெந்துபோகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கல்மாவுக் கோலப்பொடி போதும். அடியில் ஓட்டை போட்ட டப்பாவில் நிரப்பி, கயிறு கட்டிய நேரில் தட்டிக்கொண்டே போனால் கோடு விழும்.

நடுவருக்கு மட்டும் சம்பளம் கொடுங்கள், அதுவும் அடுத்த பிரிவிலிருந்து ஆளை வரவழையுங்கள். உள்ளூர்க்காரர் இலவசமாக விசில் ஊதினால் முதல் பெனால்டியிலேயே மாமன் மச்சான் சண்டை வரும்.

மகளை அனுப்ப ஆசைதான், பயமாகவும் இருக்கிறது. நடத்துபவர்களிடம் என்ன கேட்கலாம்? (ஒரு தாய், ஊட்டி)

பயிற்சியாளரும் தன்னார்வலர்களும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று கொடுத்திருக்கிறார்களா? பெண் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பொறுப்பான பெண் ஒருவர் எப்போதும் இருப்பாரா? எந்தக் குழந்தையோடும் ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி உண்டா, வேனிலும்? உடை மாற்றும் இடம், கழிப்பறை எங்கே? இவற்றுக்கு முகம் சுளிக்கிற குழுவிடம் அனுப்ப வேண்டாம்.

நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாலியல் தொந்தரவு என்று புகார் வந்தால் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கும் பேச்சே கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098.

எல்லோருக்கும் 20 ரூபாய் விபத்துக் காப்பீடு போட்டால் போதாதா? (வாசகர், பந்தலூர்)

நீங்கள் சொல்லும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கு. தன்னார்வலர்களுக்குப் போடுங்கள். பிள்ளைகளுக்குப் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களில் மாணவர் குழு விபத்துக் காப்பீடு கேளுங்கள், பெயர்ப் பட்டியலும் பிறந்த தேதியும் கேட்பார்கள். வயதுச் சான்றுக்காக வாங்கிய நகல்கள் அதற்கும் உதவும்.

கோல்போஸ்ட்டை நாங்களே வெல்டிங் செய்து வைக்கலாமா? (வாசகர், கோத்தகிரி)

செய்யலாம். ஏழு பேர் ஆட்டத்துக்கு 12 அடி அகலம், 6 அடி உயரம் போதும். தூக்கி வைக்கும் போஸ்ட் என்றால் ஆபத்து அதன் எடையில்தான். பையன்கள் மேல்கம்பியில் தொங்குவார்கள், முன்பக்கமாகக் கவிழும். உலகெங்கும் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். பின்பக்கத் தரைக்கம்பியை முளைக்கம்பி அடித்து இறுக்குங்கள், மேலே மணல் மூட்டை வையுங்கள். மழையில் மண் இளகும், ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டத்துக்கு முன் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் இரண்டு போஸ்ட்டையும் முகத்தோடு முகம் சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் போங்கள்.