ஸ்பானிஷில் இறந்தகாலத்துக்கு ஏன் இரண்டு வடிவங்கள்?

உயர்நிலைப் பள்ளியில் இடைநிலை ஸ்பானிஷ் படிக்கும் பலரையும் குழப்பும் கேள்வி இது. முடிந்துபோன செயலை, நாம் 'சாப்பிட்டேன்' என்பதுபோல், 'கோமி' என்கிறார்கள். ஆனால் 'சிறுவயதில் தினமும் சாப்பிடுவேன்', 'சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்' என்று தமிழில் நாம் பிரித்துச் சொல்லும் இரண்டையும் 'கோமியா' என்ற ஒரே வடிவம் தாங்குகிறது. சில வினைகளில் பொருளே மாறிவிடும்: 'சபியா' என்றால் எனக்குத் தெரிந்திருந்தது, 'சூப்பே' என்றால் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். விகுதி அட்டவணையை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடும் வகுப்புகள் இந்த நுட்பத்தைத் தவறவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. நேற்று நடந்ததை ஐந்து வாக்கியங்களில் எழுதி, ஒவ்வொரு வினையும் நிகழ்ச்சியா, பின்னணியா என்று கேட்டுப் பாருங்கள். மழை பெய்துகொண்டிருந்தது, அது பின்னணி, எனவே 'யோவியா'. பேருந்து வந்தது, அது நிகழ்ச்சி, எனவே 'யேகோ'.