ட்ரிம்மரின் வளைவைப் பாருங்கள்

தம்பி, கிளாரினெட் ரீட் (ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் பட்டை) இரண்டு வாரத்தில் தளர்ந்து மேல் சுரங்கள் இறங்குகின்றன, அதன் நுனியை வெட்டி மறுபடி விறைப்பாக்க எந்த ட்ரிம்மர் வாங்கலாம் என்று ஹட்டனிலிருந்து கேட்டிருந்தீர்கள். பெயரைவிட வளைவுதான் முக்கியம். நீங்கள் வாசிக்கும் அதே ரக ரீட்டில் புதிது ஒன்றைக் கையோடு கொண்டுபோய், ட்ரிம்மரின் வெட்டு விளிம்போடு வெளிச்சத்தில் பொருத்திப் பாருங்கள். ஓரங்கள் விலகினால் வேண்டாம். சாக்ஸபோனுக்கு உள்ளதை மாற்றித் தந்துவிடுவார்கள், கவனம்.

ரீட்டை நனைத்துவிட்டு, மயிரிழை அளவுதான் வெட்ட வேண்டும். முதல் தடவை நான் ஆசையில் அரை மில்லிமீட்டர் வெட்டி, ரீட் பலகை மாதிரி ஆகிவிட்டது, காற்றுதான் வந்தது!

அப்புறம், இந்த மழையில் ரீட்டை வாத்தியத்திலேயே விட்டுவைக்கிறீர்களா? துடைத்து, கண்ணாடித் துண்டின் மேல் தட்டையாகக் காயவையுங்கள். நுனி கறுத்திருந்தால் வீசிவிடுங்கள், அதை வெட்டிப் பயனில்லை.