காது கேளாதவர்களையும் மற்ற மாற்றுத்திறனாளிகளையும் ஒரே பயிலரங்கில் சேர்க்க முடியுமா?

கேட்டிருப்பவர் ஒரு சிறு தன்னார்வக் குழுவில் இருக்கிறார். தங்கள் பகுதியில் இருக்கும் காது கேளாதவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், பார்வையற்றவர்கள் எல்லாரையும் கூட்டி மாதம் ஒரு பயிலரங்கு நடத்த ஆசைப்படுகிறார். எங்கிருந்து தொடங்குவது, தனித்தனியாக நடத்துவதே மேலா, என்ன தலைப்பு வைப்பது என்பதுதான் அவர் கேள்வி.

சேர்த்தே நடத்துங்கள். ஆனால் நிகழ்ச்சி நிரலை எழுத உட்காரும் முன் இடைவேளையைத் திட்டமிடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. இருபத்தெட்டு வயதில் எனக்குக் காது மந்தமாக ஆரம்பித்தது. இப்போது இரண்டு காதிலும் மெஷின். சைகை மொழியை முப்பதுக்கு மேல்தான் கற்றேன். என் சைகை இன்னும் திக்குகிறது என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். கேட்பவர்கள் பக்கமும் முழுசாகச் சேர்த்தி இல்லை, கேளாதவர்கள் பக்கமும் இல்லை. அதனால்தானோ என்னவோ, இப்படிப்பட்ட பயிலரங்குகளை ஒழுங்கு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. ஆறு வருடமாகச் செய்கிறேன்.

முதல் பயிலரங்கில் நான் செய்யாத தப்பு இல்லை. சாய்தளம் இருக்கிறது என்று மண்டபக்காரர் போனில் சொன்னதை நம்பினேன். இருந்தது. அது போய் முடிந்த இடத்தில் பூட்டிய ஸ்டோர் ரூம். சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத்தான் அழைத்திருந்தேன். ஒரு மணி நேரம் தாண்டியதும் அவர் கை தளர்ந்து, பாதிப் பேச்சு விட்டுப்போக ஆரம்பித்தது. இரண்டு பேர் வேண்டும், இருபது முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை மாறிக்கொள்ள வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அது போக, பேச வந்தவரை ஜன்னலுக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டேன். பின்னால் வெயில், முகம் இருட்டு. வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் என்னைப் போன்றவர்களுக்கு அங்கே ஒரு நிழல்தான் தெரிந்தது. வாயசைவே பாதிதான் சொல்லும் என்பது வேறு விஷயம். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் ‘படம்’, ‘மடம்’ என்று சொல்லிப் பாருங்கள், உதடு ஒரே மாதிரிதான் அசையும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. இடைவேளையில் மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் கையை ஆற்றிக்கொள்ளலாம் என்று வெளியே போனார். ஐந்து நிமிடத்தில் காது கேளாதவர்கள் ஒரு மூலையில், சக்கர நாற்காலிக்காரர்கள் கதவோரம், பார்வையற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே. ஒரே அறைக்கு வரவழைத்து மூன்று அறையாக்கி வைத்திருந்தோம். மேடையில் நடந்ததெல்லாம் மொழிபெயர்ப்பாளர் தயவில் நடந்த பேச்சு. அவர் வெளியே போனதும் ஒருவருக்கொருவர் பேச வழியே இல்லை.

அதனால் இப்போது பயிலரங்கின் முதல் அரை மணி நேரம் சொற்பொழிவு கிடையாது. இருவர் இருவராக உட்கார்ந்து, மூன்றாம் ஆள் உதவி இல்லாமல் இருவரும் பேசிக்கொள்ள ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும். பேப்பர், பேனா, போன், சைகை, நடிப்பு, எதுவானாலும் சரி.

ஒரு முறை காது கேளாத ஒரு இளம்பெண்ணும், பள்ளிப் படிப்பு முடிந்தபின் பார்வை இழந்த ஒரு பெரியவரும் ஜோடியானார்கள். ஒருவருக்குக் காது கேட்காது, மற்றவருக்குக் கண் தெரியாது; இதைவிடக் கஷ்டமான ஜோடி அமையாது என்று நினைத்தேன். முதலில் போன். அவர் பேசினால் அது எழுத்தாக்கியது, அவள் தட்டினால் அது வாசித்தது. ஆனால் அறை இரைச்சலில் போனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, அவர் சொன்னதை ஏதேதோ எழுதிக் காட்டியது. அவள் போனை ஓரமாக வைத்துவிட்டு, அவர் கையை இழுத்து, உள்ளங்கையில் விரலால் தன் பெயரை எழுத ஆரம்பித்தாள். அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். சொன்னால் அவளுக்கு எப்படிக் கேட்கும்? உடனே அவள் உள்ளங்கையைக் கேட்டு வாங்கித் தானும் திருப்பி எழுதிக் காட்டினார். ஒரு இடத்தில் நின்றுவிட்டார். இரண்டு சுழியா, மூன்று சுழியா? அவள் அவர் கையை அழித்துவிடுவது மாதிரித் தேய்த்துவிட்டு, மூன்று சுழியையும் அழுத்தி அழுத்தி எழுதினாள். இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஜோடி திரும்பிப் பார்த்தது. (பிறவியிலேயே பார்வை இல்லாமல் பிரெயில் மட்டும் படித்தவருக்கு இந்த வழி அப்படியே ஒத்துவராது. அச்செழுத்தின் வடிவம் அவருக்குப் பழகியிருக்காது.)

அடுத்து, ஒருவருக்குச் செய்யும் வசதி இன்னொருவருக்கு இடைஞ்சலாகும் என்பதை ஒத்துக்கொள்ளுங்கள். காது கேளாதவர்களின் கவனத்தைத் திருப்ப விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார்கள். வலிப்பு நோய் உள்ளவருக்கு வேகமாக மின்னும் வெளிச்சம் ஆபத்து. இணையதளங்களுக்கான விதியே ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்கிறது. அதனால் எங்கள் அறையில் யாரும் விளக்கைத் தொடுவதில்லை, ஒருவர் கையைத் தூக்கினால் பார்த்தவர்கள் எல்லாரும் தூக்குவார்கள், பார்க்க முடியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் தோளைத் தொட்டுச் சொல்வார். கைதட்டலும் அப்படித்தான். சைகை மொழிக்காரர்கள் இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டிப் பாராட்டுவார்கள். பார்வையற்றவருக்கு அது வெறும் அமைதி. தான் பேசி முடித்ததும் யாரும் தட்டவில்லையே என்று ஒருவர் முகம் வாடிப்போனதைப் பார்த்தபின், ஆட்டுவது, தட்டுவது இரண்டும் எங்களிடம் உண்டு.

சில விதிகள் மட்டும் எல்லாருக்கும் ஒரே அடியாக உதவும். பேசுவதற்கு முன் பெயரைச் சொல்வது அதில் ஒன்று. பேசுவது யார் என்று பார்வையற்றவருக்குத் தெரிந்துவிடும், மொழிபெயர்ப்பாளர் அந்தப் பக்கம் கைகாட்ட நேரம் கிடைக்கும், காது கேளாதவர்கள் திரும்பிப் பார்த்துவிடுவார்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே வராமல் இருப்பதும் அப்படியே. பெருமூளை வாதத்தால் மெதுவாகப் பேசுபவர் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். அவர் வாக்கியத்தை நாம் முடித்துக் கொடுப்பது உதவி இல்லை, பிடுங்கல். இதற்கெல்லாம் நேரம் ஆகும்தான். மூன்று மணி நேரத்தில் இரண்டு தலைப்புக்கு மேல் வைக்காதீர்கள்.

இட வசதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்கட்டும், சக்கர நாற்காலி வட்டமடிக்க ஒன்றரை மீட்டர் வேண்டும், நாற்காலிகளை லாட வடிவில் போடுங்கள், கழிப்பறைக் கதவின் அகலத்தை நீங்களே டேப் வைத்து அளந்து பாருங்கள். போனில் கேட்காதீர்கள்.

‘காது கேளாதவர்களும் மாற்றுத்திறனாளிகளும்’ என்று ஏன் பிரித்துச் சொல்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். சைகை மொழியில் வளர்ந்த பலர் தங்களைக் குறை உள்ளவர்களாகப் பார்ப்பதில்லை, ஒரு மொழிக்காரர்களாகப் பார்க்கிறார்கள். 2006-ல் வந்த ஐ.நா. உடன்படிக்கையும் சைகை மொழிகளை மொழிகள் என்றே சொல்கிறது, அவர்களுடைய பண்பாட்டு அடையாளத்தையும் ஏற்கிறது. இதை மறந்துவிட்டு எழுத்தில் மட்டும் அழைப்பு அனுப்பினால் ஆள் வராது. சைகை மொழியின் இலக்கணமே வேறு, எழுதும் மொழி பலருக்கு இரண்டாம் மொழிதான். காது கேளாத ஒருவரே சைகையில் அழைக்கும் ஒரு நிமிட வீடியோவை அனுப்பிப் பாருங்கள்.

ஒரு அம்மா எங்களிடம் வந்துகொண்டிருந்தார், அறுபது வயதுக்கு மேல். மேஜைக்கு அடியில், மடியில் வைத்துத்தான் சைகை செய்வார். கூச்சம் என்று நினைத்தேன். பள்ளியில் சைகை செய்தால் கையில் அடி விழும் என்று ஒரு நாள் சொன்னார். 1880-ல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சு வழியில்தான் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஓட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய எல்லாருமே காது கேட்பவர்கள். 2010-ல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசை அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. நூற்று முப்பது வருடம்! அந்த அம்மாவின் கை மேஜைக்கு மேலே வர எங்களுக்கு நான்கு பயிலரங்கு ஆனது.

என்ன தலைப்பு வைப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். எங்களுக்கு நன்றாகப் போனது ஒரு சாதாரணப் பயிற்சி: வீட்டுக் கதவிலிருந்து இந்த அறைவரை வர என்னென்ன தடுத்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல, ஒரு பெரிய தாளில் வழியை வரைவது. வாசல் படி, பேருந்து எண்ணைச் சொல்லாத நிறுத்தம், ஒலிபெருக்கியில் மட்டும் சொன்ன நடைமேடை மாற்றம். தாள் நிரம்பும்போது, ஒரே பேருந்து நிறுத்தத்தில் மூன்று பேர் மூன்று விதமாக மாட்டிக்கொண்டது தெரிந்தது. உடலில் இருப்பது குறைபாடு, முடக்குவது சமூகத்தின் ஏற்பாடு என்று பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளே நடத்திய ஒரு சங்கம் 1976-லேயே எழுதி வைத்தது. அதை விளக்கி நான் ஒரு மணி நேரம் பேசியபோது பாதிப் பேர் தூங்கினார்கள். இந்தத் தாளைப் பார்த்து ஒருவரும் தூங்கவில்லை.

சில்லறை விஷயங்கள் இரண்டு. செப்டம்பர் 23 சைகை மொழிகள் நாள், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாள். இந்த இரண்டு தேதிகளை ஒட்டி வைக்காதீர்கள், மொழிபெயர்ப்பாளர் கிடைக்கமாட்டார். கூட வரும் உறவினர்களைத் தனியாக உட்கார வைத்து ஏதாவது வேலை கொடுங்கள். இல்லாவிட்டால் எந்தக் கேள்விக்கும் அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம், மண்டபத்தை எடுக்கும்போது ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டு வையுங்கள். சைகை மொழிக்காரர்கள் சட்டென்று விடைபெற்றுப் போய்விடமாட்டார்கள். ஒரு முறை காவலாளி கதவைப் பூட்டியே விட்டார். இருட்டில் கை தெரியாது என்பதால் கூட்டம் அப்படியே நகர்ந்து தெருவிளக்கின் கீழே போய் நின்று பேச்சைத் தொடர்ந்தது. அந்தப் பெண்ணும் பெரியவரும் மட்டும் வரவில்லை. பூட்டிய கதவுக்குப் பக்கத்துத் திண்ணையில், இருட்டிலேயே, மாறி மாறி உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.