நாடுகடத்தலை ஸ்ட்ராஸ்பர்க் நிறுத்துமா?

கேள்வி: என் தம்பி ஐரோப்பிய நாடு ஒன்றில் புகலிடம் கேட்டிருந்தான். மேல்முறையீடும் தள்ளுபடியாகி, இப்போது தடுப்பு முகாமில் இருக்கிறான். எந்த நாளும் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் போலிருக்கிறது. "விதி 39 போட்டால் அனுப்ப முடியாது, அங்கேயே இருந்துவிடலாம்" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். அதற்குப் பணமும் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: அவர் சொல்வதில் முதல் பாதி உண்மையாகலாம். இரண்டாவது பாதியை நம்பாதீர்கள்.

விதி 39 என்பது ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் நடைமுறை விதி. வழக்கை விசாரித்து முடிக்கும்வரை இன்னாரை அனுப்பாதே என்று அரசுக்கு உத்தரவிட அது இடம் தருகிறது. சிவில் வழக்கில் வாங்கும் ஸ்டே மாதிரிதான். ஸ்டே கிடைத்ததால் வழக்கில் ஜெயித்ததாக ஆகாது, வதிவிட உரிமையும் வராது. பணத்தைப் பொறுத்தவரை, இந்த நீதிமன்றம் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. வழக்கறிஞருக்குத் தருவது வேறு விஷயம். ஆனால் தம்பியின் கையெழுத்தோடு கூடிய அதிகாரப் பத்திரம் இல்லாமல் யாரும் அவருக்காக வாதாட முடியாது. முகாமில் இருக்கும்போதே அந்தக் கையெழுத்தை வாங்கி வைத்துவிடுங்கள்.

கேட்டவர்களுக்கெல்லாம் இது கிடைப்பதில்லை, பெரும்பாலான கோரிக்கைகள் தள்ளுபடியாகின்றன. பிறகு நஷ்டஈடு கொடுத்துச் சரிசெய்ய முடியாத பாதிப்பு, அதுவும் இதோ நேரப்போகிறது என்ற நிலை இருக்க வேண்டும். நடைமுறையில் உயிருக்கு ஆபத்து அல்லது சித்திரவதை, அதாவது ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 2, 3ஆம் பிரிவுகள். குடும்பம் பிரிகிறது என்ற காரணம் அபூர்வமாகவே எடுபடும். வேலை, வீடு, கடன் பற்றிய வாதங்களை முதல் பக்கத்தில் வைத்தால் முக்கியமான விஷயம் அடியில் போய்விடும்.

எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "அந்த நாட்டில் நிலைமை மோசம்" என்று பத்திரிகைச் செய்திகளையும் அறிக்கைகளையும் அடுக்கிவிட்டு, தம்பியைப் பற்றி ஒரு பத்தி எழுதுவார்கள். நீதிபதி தேடுவது அந்த ஒரு பத்தியைத்தான். 2008 ஜூலை 17 அன்று தீர்ப்பான 'என்.ஏ. எதிர் ஐக்கிய இராச்சியம்' வழக்கைப் பாருங்கள். இலங்கைத் தமிழர் ஒருவரை பிரிட்டன் திருப்பி அனுப்ப முயன்றபோது 2007இல் விதி 39இன்கீழ் அதை நிறுத்திவைத்தார்கள். பிறகு தீர்ப்பிலும் அவர் பக்கம் நின்றார்கள். ஆனால் தமிழர் என்பதால் மட்டும் எல்லோருக்கும் ஆபத்து என்று நீதிமன்றம் ஏற்கவில்லை. ராணுவம் அவரைப் பலமுறை பிடித்தது, அடித்ததன் தழும்புகள் உடலில் இருந்தன, புகைப்படமும் கைரேகையும் எடுத்திருந்தார்கள், அவரை வெளியே எடுக்க அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். தனித்தனியாகப் பார்த்தால் போதாதவை, சேர்த்துப் பார்த்தபோது கனத்தன. உங்கள் தம்பிக்கும் இப்படிச் சேர்த்துக் காட்ட என்ன இருக்கிறது? மருத்துவச் சான்று, கைது ஆவணம், வீட்டுக்கு வந்த சம்மன், யார் எப்போது தேடி வந்தார்கள் என்ற விவரம். அவற்றைத்தான் முதலில் தேட வேண்டும்.

அடுத்தது நேரம். உள்நாட்டு நீதிமன்றங்களில், அதாவது தம்பி இப்போது இருக்கும் நாட்டின் நீதிமன்றங்களில், நாடுகடத்தலை நிறுத்திவைக்கும் வழி பாக்கி இருந்தால் முதலில் அங்கே போக வேண்டும். ஸ்ட்ராஸ்பர்க் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். அதற்காக இறுதி உத்தரவு கைக்கு வரும்வரை சும்மா இருக்கவும் கூடாது. உத்தரவு வந்த உடனே ஏற்றிவிடுவார்கள் என்றால், அதைச் சொல்லி முன்கூட்டியே கோரிக்கை அனுப்பலாம். விமான நேரத்துக்கு ஒரு வேலை நாளுக்கும் குறைவாக இருக்கும்போது வரும் கோரிக்கையைச் சரியாகப் பரிசீலிக்க முடியாமல் போகலாம் என்று நீதிமன்றமே எச்சரிக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிவிட்டுத் திங்கள் காலை விமானத்தை நிறுத்திவிடலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

கோரிக்கையை நீதிமன்ற இணையதளத்தில் இதற்கென்றே இருக்கும் பக்கம் வழியாகவோ, ஃபேக்ஸிலோ, தபாலிலோ அனுப்பலாம். (ஃபேக்ஸ் இன்னும் உயிரோடு இருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.) மின்னஞ்சலை ஏற்க மாட்டார்கள். விமானம் புறப்படும் தேதி, நேரம், எண், தம்பியை வைத்திருக்கும் இடம், உள்நாட்டு வழக்கு எண்கள், அவசரத்துக்குக் கூப்பிட ஒரு தொலைபேசி எண் எல்லாம் மேலேயே தெரிய வேண்டும். உள்நாட்டுத் தீர்ப்புகளின் நகல் ஒன்றுகூட விடுபடக் கூடாது. உங்களுக்குப் பாதகமான தீர்ப்பாயினும் இணைத்துவிடுங்கள். மறைத்தது தெரிந்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அதோடு வேலை முடியாது. முழு மனுவையும் தாக்கல் செய்ய வேண்டும். உள்நாட்டு இறுதித் தீர்ப்பிலிருந்து 4 மாதம்தான் கெடு. 2022 பிப்ரவரிக்கு முன்பு 6 மாதமாக இருந்தது, பழைய கணக்கில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நீதிமன்றப் பதிவகத்தின் கடிதத்துக்குப் பதில் போடாமல் விட்டால் தடை நீக்கப்படலாம். சில தடைகளுக்குக் காலவரையறையும் உண்டு. 2022 ஜூன் 14 அன்று பிரிட்டனிலிருந்து ருவாண்டா போகவிருந்த விமானம் கடைசி நேரத்தில் நின்றதே, அதில் ஸ்ட்ராஸ்பர்க் சொன்னது உள்நாட்டு வழக்கின் இறுதி முடிவுக்குப் பிறகு மூன்று வாரம்வரை அனுப்பாதே என்று மட்டுமே. தள்ளுபடியானால் மேல்முறையீடு கிடையாது. புதிய ஆதாரம் கிடைத்தால் மறுபடி கேட்கலாம்.

அரசு கேட்குமா என்பதும் நியாயமான சந்தேகமே. 1991இல் இதே நீதிமன்றம் 10க்கு 9 என்ற கணக்கில் இந்த உத்தரவுக்கு அரசு கட்டுப்பட வேண்டிய கட்டாயமில்லை என்றது. 2005இல் மமத்குலோவ் வழக்கில் பெரிய அமர்வு அதை மாற்றியது: துருக்கி தடையை மீறி இரண்டு பேரை உஸ்பெகிஸ்தானுக்கு அனுப்பியது உடன்படிக்கை மீறல் என்று தீர்ப்பானது. அவர்கள் அனுப்பப்பட்டது 1999இல், தீர்ப்பு வந்தபோது கிட்டத்தட்ட ஆறு வருடம் ஓடியிருந்தது. 2021இல் சிறையில் இருந்த ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸி நவால்னியை விடுவிக்கச் சொன்னபோது ரஷ்யா மறுத்தே விட்டது. ஆனாலும் பெரும்பாலான அரசுகள் கட்டுப்படுகின்றன. உத்தரவு வந்தால் அதன் நகல் முகாம் அதிகாரியிடமும் தம்பியிடமும் போய்ச் சேர்ந்ததா என்று வழக்கறிஞர் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான குழுவிடமும் இதேபோல இடைக்கால நடவடிக்கை கேட்கலாம், அந்த நாடு தனிநபர் புகாரை ஏற்றிருந்தால். ஆனால் இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் தட்ட முடியாது: ஒரே விவகாரம் வேறொரு சர்வதேச அமைப்பிடம் போயிருந்தால் ஸ்ட்ராஸ்பர்க் மனுவை ஏற்காது. தெரிந்தவர் ஏற்கெனவே ஐ.நா.வுக்கு ஏதாவது அனுப்பிவிட்டாரா என்று இன்றே கேட்டு, அதை வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.