அலமாரி கொழுந்தன் வீட்டில், வளையல் ஃபைனான்ஸில்

கேள்வி: மதுரை திருநகரில் வசிக்கிறேன். வயது 37. கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் மாதம் 46,000 ரூபாய் சம்பளம். இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். ஒன்றரை வருடமாக வீட்டு உள் அலங்கார வேலை செய்கிறேன். சுவரை இடிப்பதெல்லாம் கிடையாது. இருக்கிற சாமான்களை இடம் மாற்றி, ஸ்க்ரீன், விளக்கு, அலமாரி, பெயின்ட் பார்த்து வீட்டைப் புதுசாக்கித் தருவேன். விற்கவோ வாடகைக்கு விடவோ காலியாக நிற்கும் வீட்டில் சோபா, கட்டில் போட்டு, ஆள் குடியிருப்பது போல அமைத்துக் காட்டும் ‘ஹோம் ஸ்டேஜிங்’ வேலையிலும் இறங்க ஆசை. இதுவரை 11 வீடு முடித்திருக்கிறேன். அதில் 7 சொந்தக்காரர் வீடு. வேலை நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் கையில் காசு நிற்பதில்லை. நகை மீது மூன்று இடத்தில் 4 லட்சம் கடன், மாத வட்டி 4,400 ஆகிறது. ஒரு பில்டர், காலி ஃபிளாட்டை இரண்டு மாதத்துக்கு அமைத்துக் கொடுத்தால் 12,000 தருவதாகச் சொல்கிறார். 6 லட்சம் தொழில் கடன் (16 சதவீதம், 3 வருடம்) எடுத்து சாமான் வாங்கி, 8,000 வாடகையில் குடோன் பிடிக்கலாமா? 65,000 கட்டி ஸ்டேஜிங் சான்றிதழ் வகுப்பில் சேரலாமா? வங்கியில் 1,20,000 ஃபிக்சட் டெபாசிட் இருக்கிறது, அதைத் தொடவில்லை. கணக்குத் தாளை இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, திருநகர், மதுரை

பதில்: கணக்குத் தாளை இவ்வளவு ஒழுங்காக எழுதி அனுப்பியவருக்கு வரவு செலவு எழுதுங்கள், சேமியுங்கள் என்று நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 6 லட்சம் கடனைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் உங்கள் தாளின் மூன்றாவது வரிக்கு வாருங்கள்: “விளாங்குடி, கொழுந்தன் வீடு.”

அந்த வேலைக்கு பிளைவுட், லேமினேட் 78,000. ஆசாரி கூலி 42,000. ஸ்க்ரீன் துணி, கம்பி, தையல் 24,000. விளக்கும் எலக்ட்ரீஷியனும் 16,000. பெயின்ட் 10,000. ஆக 1,70,000. உங்கள் கூலி என்று 15,000 போட்டிருக்கிறீர்கள். மொத்தம் 1,85,000. அவர் நாலைந்து தவணையாக 1 லட்சம் கொடுத்திருக்கிறார். பாக்கிக்கு “ஆவணியில் தர்றேன் மதினி” என்றாராம். அந்த ஆவணி போய்ப் பத்து மாதம் ஆகிறது.

சாமானுக்கும் ஆளுக்கும் நீங்கள் போட்டது 1,70,000, வந்தது 1 லட்சம். 70,000 உங்கள் பணம் அங்கே நிற்கிறது. அதை எங்கிருந்து எடுத்தீர்கள்? ஒன்றரை வட்டிக்கு ஃபைனான்ஸில் வளையலை வைத்து. 70,000க்கு மாதம் 1,050, பத்து மாதத்துக்கு 10,500. ஆக 80,500 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கிறது, கூலி 15,000 வராதது தனி. கொழுந்தன் வீட்டு அலமாரிக்கு நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அவருக்கு இது தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

மற்ற ஆறு சொந்தக்காரர் வீட்டிலும் கூடக்குறைய இதே கதை. ஏழு வீட்டுப் பாக்கியையும் கூட்டினால் 3,60,000 வருகிறது. அதில் உங்கள் கூலி 70,000 போக, சாமானுக்கும் ஆளுக்கும் நீங்கள் கைக்காசு போட்டது 2,90,000. லேப்டாப், சாம்பிள் புத்தகங்கள், கருவிகள் என்று 1,10,000 செலவு எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் கூட்டுங்கள், சரியாக 4 லட்சம். நகைக் கடன் எங்கே போனது என்று நீங்கள் தேட வேண்டியதே இல்லை, உங்கள் தாளிலேயே இருக்கிறது.

வெளியாள் வீடு நாலைப் பாருங்கள். நாலிலும் பாதிப் பணம் முன்னால் வாங்கியிருக்கிறீர்கள், மீதி சாமான் இறங்கும்போது வந்திருக்கிறது. ஒரு ரூபாய் பாக்கி இல்லை. அந்த நாலில் கூலியாக நின்றது 1,10,000. பதினெட்டு மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 6,100. இப்போதைய வட்டி 4,400 போனால் மிச்சம் 1,700. ஸ்கூட்டர் பெட்ரோலுக்கே காணாது. தொழில் ஓடவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அட்வான்ஸ் கேட்ட இடத்தில் ஓடுகிறது, கேட்காத இடத்தில் நகையைத் தின்கிறது.

சொந்தத்திடம் எப்படிக் கேட்பது, முகத்தை முறித்துக்கொள்ளவா என்பீர்கள். மதுரைப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லலாமா? கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு, நோட்டு விரித்து, பெயரும் ஊரும் தொகையும் எழுதி மொய் வாங்குகிற ஊர். இருபது வருடம் கழித்து அந்த நோட்டைப் புரட்டி, அவர்கள் செய்ததற்குக் குறையாமல் திருப்பிச் செய்கிறோம். அதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. உங்கள் வேலையையும் அப்படியே நடத்துங்கள். சொந்தக்காரர் வீடு என்றால் உங்கள் செய்முறை இவ்வளவு என்று முதலிலேயே ஒரு தொகை முடிவு செய்யுங்கள். அது உங்கள் கூலியிலிருந்து போகட்டும், பிளைவுட்டிலிருந்து போகக் கூடாது. கொழுந்தன் வீட்டுக்கு 15,000 கூலியையும் செய்முறையாக விட்டுக்கொடுத்திருந்தால் உங்களுக்கும் பெருமை, அவருக்கும் சந்தோஷம், வளையலும் கையில் இருந்திருக்கும். 1,70,000 அவர் செலவு என்பது எஸ்டிமேட்டில் எழுத்தாக இருந்திருக்கும்.

இனி ஒரே ஒரு பழக்கத்தை மாற்றினால் போதும். சாமானை உங்கள் கைக்காசில் வாங்காதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுங்கள், அளவு கொடுங்கள், கடைக்குக் கூடவே போங்கள். பில் வீட்டுக்காரர் பெயரில், பணம் வீட்டுக்காரர் கணக்கிலிருந்து கடைக்கு. ஆசாரி கூலியும் வாராவாரம் அவர் கையால். உங்களுக்கு வர வேண்டியது கூலி மட்டும், பாதி முன்னால், பாதி முடித்துக் கொடுக்கும் அன்று. விளக்குத்தூண் பக்கம் பத்து மீட்டர் ஸ்க்ரீன் துணி எடுத்தாலும் இதே முறைதான். கடைக்காரர் தரும் கமிஷன் போய்விடுமே என்று யோசிக்கலாம். அதை வீட்டுக்காரரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதில் வரிக் கணக்கும் இருக்கிறது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். கூலி மட்டும் வாங்கினால் அந்த எல்லை உங்களுக்கு வெகுதூரம். 1,85,000 ரூபாய் வேலைகளாக உங்கள் வழியே பணம் புரண்டால், பதினொரு வீட்டிலேயே தொட்டுவிடும். வருமான வரியிலும் இப்படித்தான். உள் அலங்காரத் தொழில் செய்கிறவர்கள் மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டி, கணக்குப் புத்தகச் சுமை இல்லாமல் வரி கட்டும் வசதி இருக்கிறது. கூலியாக வரும் 15,000க்கு அது நல்ல வசதி. பிளைவுட் பணத்தையும் சேர்த்து 1,85,000 வரவு என்று நின்றால், பாதி 92,500 லாபம் என்று ஆகும். யாருடைய லாபம் அது?

சரி, 6 லட்சத்துக்கு வருவோம். 16 சதவீதம், 36 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 21,100. குடோன் வாடகை 8,000. ஒரு வீடு கூட அமைக்காமலே மாதம் 29,100. பில்டர் தருவதாகச் சொன்ன 12,000இல் டெம்போ போக வர, ஏற்றி இறக்க ஆள் கூலி என்று 5,000 போகும், 7,000 நிற்கும். தவணையையும் வாடகையையும் சமாளிக்கவே மாதம் நாலு வீட்டுக்கு மேல் வேண்டும். ஆனால் 6 லட்சத்தில் எத்தனை வீட்டுக்குச் சாமான் வாங்க முடியும்? மிஞ்சிப் போனால் மூன்று. ஒவ்வொரு செட்டும் இரண்டு மாதம் ஃபிளாட்டிலேயே உட்கார்ந்திருக்கும். அப்படியென்றால் சராசரியாக மாதம் ஒன்றரை வீடு, 10,500 ரூபாய். எல்லாச் சாமானும் எப்போதும் வாடகையில் இருந்தாலே மாதம் 18,600 துண்டு விழுகிறது. சோபாவில் கறை படுவதையும் கட்டில் கால் உடைவதையும் நான் சேர்க்கவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் யாரும் பால் காய்ச்சுவதில்லை, புரட்டாசியில் பலர் தள்ளிப்போடுகிறார்கள். தவணைக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது.

சிறு தொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை ‘தருண்’ பிரிவில் ஈடு இல்லாமல் தருகிறார்கள், உண்மைதான். ஈடு கேட்க மாட்டார்கள் என்பதால் மேலே போட்ட கணக்கு மாறிவிடாது. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு மட்டும் இப்போதே செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும், இணையத்தில் இலவசம். அதற்கு 3,000 கேட்கிறவரிடம் போகாதீர்கள்.

ஸ்டேஜிங்கை விட்டுவிடச் சொல்லவில்லை. அமெரிக்காவில் எழுபதுகளிலிருந்து நடக்கிற தொழில் அது, அங்கே வீடு விற்கிற முறை வேறு. இங்கே வீடு பார்க்க வருகிறவர் சோபாவைப் பார்ப்பதற்கு முன்னால் போரில் தண்ணீர் எத்தனை அடியில், தெரு எத்தனை அடி அகலம், வில்லங்கம் சுத்தமா, அடுப்பு அக்னி மூலையில் இருக்கிறதா என்றுதான் கேட்பார். (பீரோவைக் கன்னி மூலையிலிருந்து நகர்த்தச் சொல்லிப் பாருங்கள், அந்த வேலை அன்றோடு போச்சு.) நல்ல அமைப்பால் விலை ஏறும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். படம் நன்றாக வரும், சீக்கிரம் ஆள் வந்து பார்க்கும், அவ்வளவுதான் சொல்லலாம். குடியிருந்துகொண்டே விற்கிறவர்களிடம் போங்கள். அவர்கள் சாமான் அங்கேயே இருக்கிறது, பாதியை ஒதுக்கி, மீதியை இடம் மாற்றி, படம் எடுக்கிற வரைக்கும் ஒரு கூலி. முதலீடு உங்கள் இரண்டு கையும் ஒரு அளவு டேப்பும். பில்டரிடமும் பேசுங்கள்: ஒரு மாடல் ஃபிளாட்டுக்கு அவரே சாமான் வாங்கட்டும், தேர்ந்தெடுத்து அமைப்பது உங்கள் கூலி வேலை. அடுத்த பிராஜெக்ட்டுக்கு அதே சாமானை அவர் தூக்கிக்கொண்டு போவார், நீங்கள் மறுபடி கூலி வாங்குவீர்கள். “வீடு முடிஞ்சதும் சேர்த்துத் தர்றேன்” என்று தரகரோ வீட்டுக்காரரோ சொன்னால் வேண்டாம். விளாங்குடி ஆவணி மாதிரிதான் அதுவும்.

65,000 ரூபாய் சான்றிதழ்: வேண்டாம். ஆர்க்கிடெக்ட் என்று பலகையில் போட்டுக்கொள்ளத்தான் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலில் பதிவு வேண்டும். உள் அலங்கார வேலைக்கு அப்படி எதுவும் கிடையாது. மூன்று நாள் வகுப்பின் தாளைவிட, நீங்கள் முடித்த பதினொரு வீட்டின் முன்னும் பின்னும் எடுத்த படங்களுக்கு மதிப்பு அதிகம்.

இனி நகை. மூன்று ரசீது இருக்கிறது: வங்கியில் 2,50,000 (75 பைசா வட்டி), ஃபைனான்ஸில் 1 லட்சம் (ஒன்றரை வட்டி), அடகுக் கடையில் 50,000 (இரண்டு வட்டி). அடகுக் கடைக்கு மட்டும் மாதம் 1,000 போகிறது. தொடாமல் வைத்திருக்கும் டெபாசிட்டில் அதே 50,000க்கு 7 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 300 கூட வராது. முன்கூட்டி எடுப்பதற்குக் கொஞ்சம் வட்டி பிடிப்பார்கள், பரவாயில்லை. இந்த வாரமே 50,000 எடுத்து அந்த நகையை மீட்டுவிடுங்கள். மீதி 70,000 வீட்டு அவசரத்துக்கு இருக்கட்டும். வசூலாகும் முதல் லட்சம் ஃபைனான்ஸுக்கு. வங்கிக் கடன் கடைசியில்.

வசூலுக்குச் சண்டை வேண்டாம். ஏழு பேருக்கும் ஒரு பக்கத்தில் சாமான் செலவு, வரவு, பாக்கி என்று எழுதி, கடை பில்லின் படத்தோடு அனுப்புங்கள். கூலியை விட்டுக்கொடுக்கிறேன், சாமான் பணத்தை மாதம் 5,000, 10,000 என்று வங்கியில் போடுங்கள் என்று சொல்லுங்கள். விளாங்குடிக்கு உங்கள் கணவரே பேசுவது நல்லது, அவருடைய தம்பி. உங்கள் நாத்தனார் பாக்கி 20,000 என்றும், தை மாதம் அவர் மகளுக்குச் சடங்கு வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த 20,000ஐ உங்கள் செய்முறையில் கழித்துக்கொள்வதாக இப்போதே சொல்லிவிடுங்கள். சொல்ல மனம் வரவில்லையா? அப்படியானால் அதைச் செய்முறை என்று எழுதி மூடிவிடுங்கள், பாக்கி என்று வைத்துக்கொண்டு மாதாமாதம் வட்டி கட்டாதீர்கள்.

கடிதத்தின் கடைசியில், பெரியம்மா மகன் ஒத்தக்கடையில் புது வீடு கட்டியிருப்பதாகவும், ஆவணிக் கடைசியில் பால் காய்ப்பு என்றும், “நீ பார்த்துச் செய்” என்றாராம் என்றும் இருக்கிறது. அவருக்கு எஸ்டிமேட்டை இன்றே அனுப்புங்கள், உங்கள் செய்முறைத் தொகையையும் கழித்துக் காட்டியே. பிளைவுட் கடைக்கு அவர் பணம் ஆடிப்பெருக்குக்குள் போய்ச் சேரவில்லை என்றால், ஆசாரியை வேறு வேலைக்கு அனுப்பிவிடுங்கள். பால் காய்ப்புக்கு நீங்கள் ஒரு குத்துவிளக்கோடு போய் வந்தால் போதும்.