ஆசரிப்புக் கூடாரத்தின் நிறங்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் எங்கள் சபையில் மூன்று நாள் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த போதகர், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் கடவுளை வழிபடச் செய்த ஆசரிப்புக் கூடாரத்தின் பெரிய வண்ணப் படத்தை மேடையில் தொங்கவிட்டு, ஒவ்வொரு பொருளாகக் கிறிஸ்துவோடு பொருத்திக் காட்டினார். திரைகளை நெய்த நான்கு நிற இழைகளும் நான்கு சுவிசேஷங்கள்: இரத்தாம்பரம் (ஊதா) மத்தேயு, சிவப்பு மாற்கு, வெண்பஞ்சு லூக்கா, இளநீலம் யோவான். வாசலின் ஐந்து தூண்கள் ஐந்து காயங்கள். கேட்டபோது சிலிர்த்தது. வீட்டுக்கு வந்து, கூடாரத்தை விவரிக்கும் வேதாகமப் புத்தகமான யாத்திராகமத்தைத் திறந்தால் அப்படி ஒரு வரிகூட இல்லை. நான் ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இதை அவர்களுக்குச் சொல்லித்தரலாமா?

எஸ்தர்

அன்புள்ள எஸ்தர்,

அந்த நான்கு நிற நூலிழைகளுக்கு வேறொருவரும் பொருள் சொல்லியிருக்கிறார். முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ். வெண்பஞ்சு என்று நாம் சொல்லும் நூல் ஆளிச்செடியின் நார். அது மண்ணில் விளைகிறது, ஆகவே வெண்ணூல் நிலம். இரத்தாம்பரச் சாயம் கடல்நத்தையிலிருந்து வருகிறது, ஆகவே அது நீர். நீலம் காற்று, சிவப்பு நெருப்பு. குத்துவிளக்கின் ஏழு அகல்கள் ஏழு கோள்கள், கடவுளின் முன் மேஜையில் வைக்கும் பன்னிரண்டு சமுகத்தப்பங்கள் பன்னிரண்டு மாதங்கள். அவருக்கு முன்பே யூதத் தத்துவவாதி அலெக்சாந்திரியாவின் பிலோ இந்த வழியில் போயிருந்தார். 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற கிறிஸ்தவ வணிகர், மலபார் மிளகைப் பற்றியும் எழுதியவர், பிரபஞ்சமே இந்தக் கூடாரத்தின் வடிவில்தான் இருக்கிறது என்று வாதிட்டார். நான்கு பூதங்களை நம்பியவருக்கு நூல்கள் பூதங்களாயின. நான்கு சுவிசேஷங்களைக் கையில் வைத்திருப்பவருக்குச் சுவிசேஷங்களாகின்றன. அந்தப் போதகரின் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இந்த முறையில் கிடைப்பதெல்லாம் நாம் ஏற்கெனவே கொண்டுபோனதுதான்.

யாத்திராகமத்தில் இந்தப் பொருட்கள் என்ன வேலை செய்கின்றன என்று பாருங்கள். வெளியிலிருந்து உள்ளே நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நூறு முழ நீளம், ஐம்பது முழ அகலமுள்ள பிராகாரம். அதன் சுற்றுத் தொங்குதிரை வெறும் வெண்ணூல். தூண்களின் பாதங்கள் வெண்கலம், பலிபீடம் வெண்கலம், தண்ணீர்த்தொட்டி வெண்கலம். கூடாரத்துக்குள் பலகைகளுக்குப் பொன்தகடு, அவற்றின் பாதங்கள் வெள்ளி. விளக்கு பசும்பொன். கடைசித் திரையில் கேருபீன்கள் என்னும் சிறகுள்ள வானவர்களின் உருவங்கள். அதற்கு அப்பால் பத்து முழக் கனசதுரமான ஓர் இருட்டறை, அதில் உடன்படிக்கைப் பெட்டி, அதன்மேல் கிருபாசனம் என்னும் பொன் மூடி. ஒவ்வோர் எல்லையைத் தாண்டும்போதும் உலோகம் உயர்கிறது, நெசவு நுணுக்கமாகிறது, நுழையக்கூடியவர்களின் எண்ணிக்கை குறைகிறது. எல்லா இஸ்ரவேலரும், பிறகு ஆசாரியர்கள், பிறகு ஒரே ஒருவர், அவரும் ஆண்டுக்கு ஒரே ஒரு நாள்.

நீங்கள் கேட்ட ஐந்து தூண்கள் நிற்பது இந்த எல்லைகளில் ஒன்றில். யாத்திராகமம் 26இன் கடைசி வசனத்தைப் பாருங்கள்: தூண்களுக்குப் பொன்தகடு, அவற்றின் பாதங்களுக்கு மட்டும் வெண்கலம். வெளிமுற்றத்தின் உலோகத்தில் கால் ஊன்றி, உள்ளறையின் உலோகத்தைப் போர்த்தி நிற்கின்றன. இதைப் பிள்ளைகளுக்கு வரைந்து காட்டினால், காயங்களைப் பற்றிச் சொல்லாமலேயே அவர்களுக்குச் சிலிர்க்கும்.

நூல்களும் அப்படித்தான். ஆட்டுமயிரும் பஞ்சுநூலும் கலந்து நெய்ததைச் சாதாரண இஸ்ரவேலன் உடுத்தக் கூடாது என்கிறது உபாகமம் 22. ஆனால் பிரதான ஆசாரியனின் மேலாடையான ஏபோத்தில் அதே கலப்பு இருந்தது என்பது யூத மரபின் விளக்கம். மக்களுக்கு விலக்கப்பட்டது பரிசுத்த ஸ்தலத்துக்கென ஒதுக்கப்படுகிறது.

எல்லா அடையாளப் பொருளும் தவறு என்று நான் சொல்லவரவில்லை. வெள்ளி மீட்பைக் குறிக்கும் என்று உங்கள் போதகரும் சொல்லியிருக்கலாம், பலரும் சொல்வதுதான். அதற்கு வசனத்திலேயே ஆதாரம் உண்டு. எண்ணப்பட்ட ஒவ்வொரு ஆணும் தன் உயிருக்கு மீட்பாக அரைச் சேக்கல் எடை வெள்ளி கொடுக்க வேண்டும், ஏழையும் பணக்காரனும் ஒரே அளவு. 6,03,550 பேர் கொடுத்ததில் நூறு தாலந்து (ஒரு பெரிய எடை அளவு) வெள்ளியை வார்த்துத்தான் கூடாரத்தின் நூறு பாதங்கள் செய்தார்கள். மீட்புப் பணத்தின்மேல் கூடாரம் நின்றது. இதை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவில்லை.

இனி புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபத்துக்கு வருகிறேன். கூடாரத்தைக் கிறிஸ்துவோடு சேர்த்து வாசிக்கக் கற்றுக்கொடுத்ததே அதுதான். ஒன்பதாம் அதிகாரம் விளக்கு, மேஜை, பெட்டி, மன்னா வைத்த பொற்பாத்திரம், ஆரோனின் கோல் என்று அடுக்கிக்கொண்டே வந்து, இவற்றை விவரமாகச் சொல்ல இப்போது அவசியமில்லை என்று நிறுத்திவிடுகிறது. எந்தப் பொருள் எதைக் குறிக்கிறது என்ற பட்டியலை நிருபத்தின் ஆசிரியர் எழுதவில்லை. அடுத்த வசனத்திலேயே, உள்ளே போகிறவர் என்ன செய்கிறார் என்பதற்குத் தாவிவிடுகிறார். திரையைக் கிறிஸ்துவின் மாம்சம் என்று பத்தாம் அதிகாரத்தில் சொல்லும்போதும், திரையின் நிறம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அதன் வழியாக நுழைவது பற்றித்தான் பேசுகிறார்.

அவர் மனத்தில் இருந்தது லேவியராகமம் 16, பாவநிவாரண நாள். அன்று பிரதான ஆசாரியன் பொன் வேலைப்பாடுள்ள உடையைக் களைந்துவிட்டு எளிய சணல்நூல் உடையில் உள்ளே போகிறான். முதலில் தன் பாவத்துக்காகக் காளையின் இரத்தம், பிறகு மக்களுக்காக ஒரு வெள்ளாட்டுக்கடாவின் இரத்தம். தூபப்புகை கிருபாசனத்தை மூட வேண்டும், இல்லாவிட்டால் அவன் சாவான். இன்னொரு கடாவின் தலையில் இரண்டு கைகளையும் வைத்து மக்களின் அக்கிரமங்களை அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு ஓட்டிவிட வேண்டும். பலியிட்ட மிருகங்களின் உடல்களைப் பாளயத்துக்கு வெளியே எரிக்க வேண்டும். நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரம் இந்தக் கடைசிச் செயலை எடுத்துக்கொண்டு, இயேசுவும் நகரவாசலுக்கு வெளியே பாடுபட்டார் என்கிறது. என் வாசிப்பில், புதிய ஏற்பாடு கூடாரத்திலிருந்து எடுத்த முன்னடையாளங்களில் இதற்கு நிகரானது இல்லை. செயலும் செயலும் சந்திக்கின்றன.

பொருளுக்குப் பொருள் பொருத்தும் முறையில் என்னை வருத்துவது இன்னொன்று. இஸ்ரவேல் அதில் காணாமல் போய்விடுகிறது. மலையில் கூடாரத்துக்கான கட்டளை பிறந்தபின், கீழே மக்கள் பொன் காதணிகளைக் கழற்றிக் கன்றுக்குட்டி செய்தார்கள். அதே மக்கள் மன்னிக்கப்பட்டு, கூடாரத்துக்குப் பொன் கொண்டுவந்து குவித்தார்கள், போதும் என்று மோசே நிறுத்தும் அளவுக்கு. பெண்கள் தங்கள் வெண்கலக் கண்ணாடிகளைக் கொடுத்தார்கள், அவற்றிலிருந்துதான் தண்ணீர்த்தொட்டி உருவானது. அவர்கள் யாரும் நமக்காக ஒரு புதிரை வரைந்துகொண்டிருக்கவில்லை. தங்கள் நடுவில் வந்து தங்கும் கடவுளுக்கு இடம் செய்தார்கள். யூதர்கள் இன்றும் அந்த அத்தியாயங்களை ஆண்டுதோறும் ஜெப ஆலயத்தில் வாசிக்கிறார்கள். ஓய்வுநாளில் விலக்கப்பட்ட முப்பத்தொன்பது வகை வேலைகளை, கூடாரம் கட்டத் தேவைப்பட்ட வேலைகளிலிருந்துதான் யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத் விளக்குகிறது. நாம் பொருள் சொல்லும்வரை காலியாகக் கிடந்த ஒன்றல்ல அது.

உங்கள் வகுப்புக்கு என் யோசனை இது. நிறங்களின் பட்டியலை விட்டுவிடுங்கள். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிராகாரத்தை அளந்து காட்டுங்கள். ஒரு முழத்துக்கு முக்கால் அடி குறைத்துப் போட்டாலும் பரவாயில்லை, விகிதம் மாறாமல் இருந்தால் போதும். எது எங்கே, யார் எதுவரை போகலாம் என்று அவர்களே நடந்து பார்க்கட்டும். அடுத்த வாரம் லேவியராகமம் 16ஐ முழுவதும் வாசிக்கச் சொல்லுங்கள். எபிரெயர் 9, 10, 13 அதற்கு அடுத்த வாரம். மாணவர்களில் யாராவது நான்கு நிறங்களைப் பற்றிக் கேட்டால், யோசேப்பஸ் சொன்னதையும் போதகர் சொன்னதையும் சேர்த்தே சொல்லுங்கள்.